பட்டியலில் இல்லாத எலெக்டிவ்

வாசகர் கேள்வி:

மேடம், வணக்கம். டெல்டா பக்கம் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். இன்னும் மூன்று மாதத்தில் எங்களுக்கு எலெக்டிவ், அதாவது மாணவரே துறையைத் தேர்ந்தெடுத்துச் செய்யும் பயிற்சி. முதல் பதினைந்து நாள் நோயாளி தொடர்பில்லாத துறையில், அடுத்த பதினைந்து நாள் வார்டு சார்ந்த துறையில். கல்லூரி ஒட்டியிருக்கும் பட்டியலில் ரேடியாலஜி, தோல், ரத்த வங்கி, பார்மகாலஜி, கம்யூனிட்டி மெடிசின் (சமூக மருத்துவம்), காஷுவால்டி (அவசரப் பிரிவு) என்று பன்னிரண்டு பெயர்கள். நண்பர்களில் பாதிப் பேர், கையெழுத்துப் போட்டுவிட்டு ஹாஸ்டலில் உட்கார்ந்து நீட் பிஜி என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படிக்கலாம் என்கிறார்கள். சிலர் பணம் கட்டிச் சென்னையில் பெரிய தனியார் மருத்துவமனைக்குப் போகிறார்கள், சான்றிதழில் அந்தப் பெயர் இருக்கும் என்று.

எனக்கு மனதில் இருப்பது வேறு. போன தை மாதம் மெடிசின் போஸ்டிங்கில் இருந்தபோது, அறுப்பு வேலைக்குப் போன ஒருவரைப் பாம்பு கடித்துக் கொண்டுவந்தார்கள். கண்ணாடி விரியன். ஏஎஸ்வி என்ற விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள், டயாலிசிஸ் செய்தார்கள், ஐந்தாம் நாள் இறந்துவிட்டார். அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மருந்துதான் ஏத்தினீங்களே பாப்பா, அப்புறம் ஏன் போயிட்டாரு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் அப்பாவும் வயலில் இறங்குகிறவர்தான். பாம்புக்கடியை வைத்து எலெக்டிவ் செய்ய ஆசை. நானே ஒன்றை அமைத்துக்கொள்ள முடியுமா? பதினைந்து நாளில் என்ன தெரிந்துவிடப் போகிறது? துறைத் தலைவரான ஹெச்ஓடியிடம் எப்படிக் கேட்பது? பிஜி படிப்பு கெட்டுப்போகுமா?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

முடியும். பாதி வேலையை முடித்துவிட்டுத்தான் நீங்கள் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். எலெக்டிவ் அமைப்பதில் கஷ்டமான பகுதி, எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்று கண்டுபிடிப்பது. அதை அந்த அம்மா உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இனி அந்தக் கேள்வியைப் பதினைந்து நாளுக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்க வேண்டும். அதற்கு இடமும் ஆளும் தேட வேண்டும்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன், பயம் பாதி குறையும். எம்பிபிஎஸ் படிப்பில் எலெக்டிவ் நுழைந்தது 2019-இல் வந்த புதிய பாடத்திட்டத்தோடுதான். அப்போது இரண்டு மாதம் என்று வைத்தார்கள், இப்போது உங்களுக்கு ஒரு மாதம். வருகைக் குறைவைச் சரிக்கட்டவோ, விட்டுப்போன போஸ்டிங்கை முடிக்கவோ இந்த நாட்களைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்த விதிகளிலேயே எழுதியிருக்கிறது. 75 சதவீத வருகையும், செய்ததைப் பதிவு செய்யும் லாக்புக்கும் கேட்டிருக்கிறார்கள். மற்றபடி எந்தத் துறை, எத்தனை பேர், யார் மேற்பார்வை என்பதையெல்லாம் கல்லூரியின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். ஒரு பேட்ச் முழுவதையும் துறைகளுக்குப் பங்கிட வேண்டும் என்கிறபோது, எளிதில் நடத்தக்கூடியதைத்தான் துறைகள் பட்டியலில் போடும். அந்தப் பட்டியலைத் தாண்டி எதுவும் நடக்கக் கூடாது என்று பொருளில்லை. யாரும் ஒரு தாளோடு வந்து கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சான்றிதழில் பெரிய பெயர் வேண்டும் என்று போகும் உங்கள் நண்பர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் காலத்தில் எலெக்டிவ் கிடையாது. ஆனால் படிப்பு முடித்த புதிதில், வெளியூரில் பெயர்பெற்ற ஒரு மருத்துவமனையில் ஒரு மாதம் பார்வையாளராகப் போயிருந்தேன். காலை ரவுண்ட்ஸில் எனக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்பார்கள். நோயாளியின் முகம் தெரியாது, பெரியவர் சொல்வது பாதி கேட்காது. மாலையில் நூலகத்தில் உட்கார்ந்து, நம் ஊரிலேயே கிடைக்கும் புத்தகத்தைப் படித்துவிட்டு அறைக்குத் திரும்புவேன். ஒரு நோயாளியிடம் கூட நான் பேசவில்லை. மாதக் கடைசியில் ஒரு சான்றிதழ் வந்தது. அந்த ஒரு மாதத்தில் நான் கற்றது என்ன என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அந்த மருத்துவமனை மோசமானதல்ல. அங்கே எனக்குக் கேள்வி எதுவும் இருக்கவில்லை, என்னைக் கவனித்துக் கேள்வி கேட்க ஆளும் இருக்கவில்லை.

இணையத்தில் எலெக்டிவ் பற்றித் தேடினால் பெரும்பாலும் அமெரிக்க மாணவர்களுக்கான அறிவுரைதான் வரும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே நான்காம் ஆண்டு மாணவர், தான் ரெசிடென்சி என்ற மேற்படிப்புப் பயிற்சியில் சேர நினைக்கும் ஊருக்குப் போய் நான்கு வாரம் வேலை செய்து, அங்குள்ள பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குகிறார். அந்தக் கடிதத்துக்குச் சேர்க்கையில் மதிப்பு உண்டு. அதனால் இடத்தின் பெயர் அவருக்கு முக்கியம். நம் ஊரில் பிஜி இடம் தேர்வு ரேங்கில் கிடைக்கிறது. எலெக்டிவில் எங்கே போனீர்கள் என்று கவுன்சிலிங்கில் யாரும் கேட்கப்போவதில்லை. இதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஐந்தரை வருடப் படிப்பில், யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாத ஒரே மாதம் இதுதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம்.

"பாம்புக்கடி" என்பது தலைப்பு. அதைக் கொண்டுபோனால் ஹெச்ஓடி, "நல்லதும்மா, வார்டுல வர்ற கேஸ் எல்லாம் பாரு" என்று சொல்லி அனுப்பிவிடுவார். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சராசரியாக வருடத்துக்கு 58,000 பேர். அத்தனை பெரிய விஷயத்தைப் பதினைந்து நாளில் யாரால் பார்க்க முடியும்? ஒரே வாக்கியத்தில், கேள்விக்குறியோடு முடிகிற மாதிரி எழுத வேண்டும்.

நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு வெளியே எங்கும் போக வேண்டாம். காசநோய் சிகிச்சை ஆராய்ச்சிக்கென்று 1956-இல் சென்னையில் ஒரு மையம் தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் அதுதான். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி: நோயாளியைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கவைத்து மாத்திரை கொடுப்பதும், நெருக்கடியான அவருடைய வீட்டிலேயே வைத்துக் கொடுப்பதும் ஒன்றா? 1959-இல் பதில் வந்தது. ஏறக்குறைய ஒன்றுதான் என்று. வீட்டில் இருப்பவர்களுக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை என்பது பிறகு தெரிந்தது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் அந்தப் பதிலுக்குப் பங்கு உண்டு. கேள்வியை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லிப் புரியவைக்கலாம் என்பதைக் கவனியுங்கள்.

"மருந்து ஏற்றியும் ஏன் போனார்?" என்பதைப் பிரித்துப் பாருங்கள். ஏஎஸ்வி, ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் பிடிக்கும். அதற்குள் சிறுநீரகத்தில் நடந்துவிட்ட சேதத்தைத் திருப்பாது. ஆகவே ஒரு கேள்வி, நேரம் பற்றியது. இன்னொன்று மருந்து பற்றியது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கிற மருந்து அது. அதற்கான விஷத்தில் பெரும்பகுதி, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பிடிக்கிற பாம்புகளிலிருந்து எடுக்கப்படுகிறது. ஒரே கண்ணாடி விரியனின் விஷம் ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதும் தெரிந்ததுதான். அந்த வழியில் போனால் ஆய்வுக்கூடமும் பல வருடங்களும் வேண்டும். பிற்காலத்தில் நீங்கள் அதற்குப் போகலாம், போனால் எனக்கு மகிழ்ச்சி. இந்தப் பதினைந்து நாளுக்கு நேரத்தை எடுங்கள்.

என் யோசனை இந்த வாக்கியம்: "பாம்பு கடித்த நிமிடத்திலிருந்து முதல் பாட்டில் ஏஎஸ்வி ஏறத் தொடங்கும் நிமிடம் வரை, எங்கள் மருத்துவமனைக்கு வருபவர்களின் நேரம் எங்கே போகிறது?" இதில் ஒரு வசதி உண்டு. இந்த ஒரே கேள்வியை இரண்டு பகுதியிலும் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான மாணவர்கள் முதல் பதினைந்து நாளை ரத்த வங்கியிலும் அடுத்ததைத் தோல் துறையிலும் கழிப்பார்கள், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் இருக்காது. நீங்கள் முதல் பகுதியில் காகிதத்தில் பார்த்ததை இரண்டாம் பகுதியில் மனிதர்களிடம் பார்ப்பீர்கள்.

இன்னொரு நல்ல செய்தி. புதிதாக எதையும் உருவாக்கும்படி கல்லூரியைக் கேட்க வேண்டியதில்லை. பட்டியலில் கம்யூனிட்டி மெடிசின் இருக்கிறது, காஷுவால்டி இருக்கிறது. அந்த இரண்டையும் தேர்ந்தெடுங்கள், உள்ளே என்ன நடக்க வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுங்கள். அலுவலகத்துக்கும் சிக்கல் இல்லை, உங்களுக்கும் வேண்டியது கிடைக்கும்.

முதல் பகுதி, கம்யூனிட்டி மெடிசின் துறையின் மேற்பார்வையில் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறையில். போன அறுவடைக் காலத்தின் பாம்புக்கடி கேஸ் ஷீட்டுகளை எடுங்கள். எல்லாவற்றையும் வேண்டாம், முப்பது நாற்பது போதும். ஒவ்வொன்றிலும் ஐந்து நேரங்களைத் தேடுங்கள். கடித்த நேரம், வீட்டையோ வயலையோ விட்டுக் கிளம்பிய நேரம், முதலில் போன இடத்தை அடைந்த நேரம், உங்கள் காஷுவால்டி வாசலுக்கு வந்த நேரம், முதல் பாட்டில் தொடங்கிய நேரம். முதலில் போன இடம் பிஹெச்சியா (ஆரம்ப சுகாதார நிலையம்), ஊர் வைத்தியரா, தனியார் கிளினிக்கா என்பதையும் குறியுங்கள். பிஹெச்சி என்றால் அங்கேயே மருந்தைத் தொடங்கி அனுப்பினார்களா என்பதையும்.

இப்போதே சொல்கிறேன், பல கேஸ் ஷீட்டில் இந்த ஐந்தில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். "நேற்று மாலை பாம்பு கடித்ததாக" என்று ஒரு வரி, அதற்கு மேல் ஒன்றும் இராது. மனம் தளர வேண்டாம். எத்தனை ஷீட்டில் கடித்த நேரம் எழுதப்படவில்லை என்பதை எண்ணுங்கள். அதுவே உங்கள் முதல் கண்டுபிடிப்பு. நாளை நீங்கள் சிஆர்ஆர்ஐயாக, அதாவது பயிற்சி மருத்துவராக, நள்ளிரவில் ஒரு கேஸ் ஷீட் எழுதும்போது அந்த நேரத்தைக் கேட்டு எழுதுவீர்கள். பாம்புக்கடியைக் கட்டாயமாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாகத் தமிழ்நாடு 2024 நவம்பரில் அறிவித்தது. அறிவிப்பு ஒன்று, அதில் நிரப்ப வேண்டிய விவரம் வேறொன்று. அந்த விவரம் பிறக்கும் இடம் காஷுவால்டி மேசை.

இந்தப் பதினைந்து நாளில் இரண்டு நாளை மட்டும் கிளினிகல் லேபுக்கு ஒதுக்குங்கள். விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்திருக்கிறதா என்று காட்டும் இருபது நிமிட ரத்த உறைதல் சோதனையை உங்கள் கையால் செய்து பார்க்க வேண்டும். இரண்டு மில்லி ரத்தம், சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாய், இருபது நிமிடம் ஆடாமல் அசையாமல் வைத்து ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பது. எத்தனை எளிது! ஆனால் பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்புத் தூளில் கழுவிய குழாயிலோ செய்தால், நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கலாம். கண்ணாடியின் மேற்பரப்புதான் உறைதலைத் தூண்டிவிடுகிறது. அந்தப் பரப்பு கெட்டால் சோதனையும் கெட்டது. லேப் டெக்னீஷியன் அண்ணனிடம் அனுமதி கேட்டு, ஆரோக்கியமாக இருக்கும் உங்கள் சொந்த ரத்தத்தையே இரண்டு விதக் குழாயிலும் வைத்துப் பாருங்கள். விஷம் ஏறாத ஒருவருக்கு ஏஎஸ்வி போகவும், அதனால் ஒவ்வாமை வரவும், ஒரு குழாய் போதும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதும் கண்ணால் பார்ப்பதும் ஒன்றல்ல. காஷுவால்டியில் எந்தக் குழாய் வைத்திருக்கிறார்கள், யார் கழுவுகிறார்கள், எதில் கழுவுகிறார்கள் என்று பின்னால் போய்ப் பார்ப்பீர்கள் அல்லவா, அப்போது இந்த இரண்டு நாளின் அருமை தெரியும்.

இரண்டாம் பகுதி காஷுவால்டி. இங்கேதான் மாணவர்கள் தவறு செய்வார்கள். காலை எட்டு மணிக்குப் போய் மாலை நான்கு மணிக்குத் திரும்பினால் பாம்புக்கடியைப் பார்க்க மாட்டீர்கள். வயல் வேலையில் கடிபட்டவர் மாலையில் வருவார். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது கட்டு விரியன் கடித்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார், கடித்த தடம்கூடத் தெரியாது, கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும். ஆகையால் ஒருநாள் விட்டு ஒருநாள் மாலை முதல் காலை வரை டியூட்டி கேளுங்கள். பெண் பிள்ளை, இரவு வேண்டாம் என்று யாராவது சொன்னால், டியூட்டி மெடிக்கல் ஆபீசரின் பெயரோடு எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சிஆர்ஆர்ஐ பெண்கள் இரவில் வேலை செய்கிற இடம்தானே அது.

பாம்புக்கடி வந்ததும் உங்கள் வேலை ஒன்றே ஒன்று. கடிகாரத்தைப் பார்ப்பது. ஸ்ட்ரெச்சர் வாசலில் நுழைந்த நேரம், ஓபி சீட்டு போட்ட நேரம், ஏஆர் (விபத்துப் பதிவேடு) பதிவு முடிந்த நேரம், ரத்தம் எடுத்த நேரம், குழாயைச் சாய்த்த நேரம், ஸ்டோரிலிருந்து மருந்து வந்த நேரம், பாட்டில் கரைந்து ஏறத் தொடங்கிய நேரம். யாரையும் குற்றம் கண்டுபிடிக்கிற முகத்தோடு செய்யாதீர்கள். இரவில் மருந்து ஸ்டோரின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது போன்ற சின்ன விஷயம் இருபது நிமிடத்தைச் சாப்பிடலாம். அதைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை, யாராவது ஒருவர் கவனித்துச் சொன்னால் போதும். நோயாளி நிலைக்கு வந்த பிறகு, கூட வந்தவரிடம் உட்கார்ந்து, கடித்தது முதல் வாசலுக்கு வந்தது வரையிலான நான்கு நேரங்களையும் கேளுங்கள். "மணி எத்தனை" என்று கேட்டால் தெரியாது என்பார்கள். "காலை டீக்கு முன்னாலயா பின்னாலயா, மாடு கட்டிட்டீங்களா, டவுன் பஸ் போயிடுச்சா" என்று கேளுங்கள், நிமிடக் கணக்கில் சொல்வார்கள். உங்களுக்கு அந்தப் பேச்சு தெரியும். சென்னையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இல்லாத தகுதி இது.

கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள், கீறிக்கொண்டு வருவார்கள். திட்டாதீர்கள், பக்கத்தில் யாராவது திட்டினால் அதில் சேராதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை உண்மையான நேரத்தைச் சொல்ல மாட்டார். அந்தக் கயிற்றை எப்போது, எப்படி அவிழ்க்க வேண்டும் என்பதை யூனிட்டில் மேற்படிப்புப் படிக்கும் பிஜி டாக்டரிடம் கேட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். நீங்களாக அவிழ்க்க வேண்டாம்.

ஏஎஸ்வியை எழுதுவதும் தொடங்குவதும் உங்கள் வேலை அல்ல, நீங்கள் இன்னும் பதிவுபெற்ற மருத்துவர் இல்லை. ஆனால் மருந்து ஏறும்போது படுக்கைக்குப் பக்கத்தில் நின்று நாடியையும் ரத்த அழுத்தத்தையும் தோலில் தடிப்பையும் பார்த்துக்கொண்டே இருப்பதும், ஒவ்வாமை வந்தால் கொடுக்க வேண்டிய அட்ரினலின் ஊசியில் ஏற்றித் தயாராக இருக்கிறதா என்று சிஸ்டரிடம் கேட்பதும் உங்களால் முடியும். ஆறு மணி நேரம் கழித்து உறைதல் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். கல்லீரல் உறைதல் காரணிகளைத் திரும்பத் தயாரிக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். அந்த ஆறு மணி நேரத்தை நினைவுபடுத்துகிற ஆளாக நீங்கள் இருந்தால், இரண்டே நாளில் பிஜி உங்களைத் தேடுவார். யூனிட்டில் இடம் கிடைப்பது அப்படித்தான்.

பதினைந்து நாளில் ஐந்து பேர் வரலாம், பத்துப் பேர் வரலாம். அதை வைத்துச் சதவீதம் போடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு வரைந்து அதில் நேரங்களைக் குறியுங்கள். ஐந்து கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எந்த இடத்தில் கோடு நீள்கிறது என்று கண்ணுக்கே தெரியும். முடிந்தால் ஒரு நாள் உங்கள் மருத்துவமனைக்கு அதிகம் பேரை அனுப்பும் பிஹெச்சிக்குப் போய்வாருங்கள். அங்கே இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ் அக்காவிடம், பாம்புக்கடி வந்தால் முதலில் என்ன செய்வீர்கள், எதற்குப் பயப்படுவீர்கள் என்று கேளுங்கள். மருந்தில் ஒவ்வாமை வந்தால் தனியாகச் சமாளிக்க முடியாது என்கிற பயத்தில் அனுப்பிவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் நியாயமானது. உங்கள் கோட்டில் ஒன்றரை மணி நேரமாக அது தெரியலாம்.

ஹெச்ஓடியிடம் கேட்பது பற்றி. நேராக ஹெச்ஓடியிடம் போகாதீர்கள். முதலில் கம்யூனிட்டி மெடிசினிலும் மெடிசினிலும் ஆளுக்கொரு அசிஸ்டன்ட் புரொபசரைப் பிடியுங்கள், வகுப்பில் கேள்வி கேட்டால் முகம் மலர்கிறவராக. எலெக்டிவுக்கென்று தேசிய மருத்துவ ஆணையம் தந்திருக்கும் மாதிரிப் படிவம் ஒன்று இருக்கிறது. எலெக்டிவின் பெயர், இடம், உள் மேற்பார்வையாளர், வெளி மேற்பார்வையாளர், கற்றல் நோக்கங்கள், முன்தகுதி, மாணவர் பங்கேற்கும் செயல்கள், லாக்புக் பதிவுகள், மதிப்பீடு என்று தலைப்புகள் இருக்கும். வழக்கமாகத் துறைதான் அதை நிரப்பும். நீங்களே ஒரு பக்கத்தில் நிரப்பிக்கொண்டு போங்கள். "ஏதாவது எலெக்டிவ் குடுங்க சார்" என்று கேட்கிற மாணவருக்கு ஆசிரியர் புதிதாக யோசிக்க வேண்டும். "ஒரு பக்கம் எழுதியிருக்கேன் சார், எங்க தப்புன்னு பார்த்துச் சொல்ல முடியுமா?" என்றால் பேனாவை எடுப்பார். திருத்தியவர் அதைத் தன்னுடையதாக நினைக்கத் தொடங்குவார். ஹெச்ஓடியிடம் உங்களுக்காகப் பேசுகிறவரும் அவர்தான்.

அந்தப் பக்கத்தில் கற்றல் நோக்கங்கள் என்ற இடத்தில் "பாம்புக்கடியைப் பற்றி அறிதல்" என்று எழுதாதீர்கள். செய்து காட்டக்கூடியதை எழுதுங்கள்: உறைதல் சோதனையைத் தனியாகச் செய்வேன், இமை தொங்குவதையும் கழுத்து தளர்வதையும் பிஜிக்கு முன் கண்டுபிடிப்பேன், ஒரு நோயாளியின் நேரக்கோட்டை இருபது நிமிடத்தில் கேட்டு வரைவேன். மூன்று போதும். மதிப்பீடு என்ற இடத்தில், கடைசி நாள் யூனிட் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசுவேன் என்று எழுதுங்கள். பேச வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பார்க்கிற கண் மாறும்.

இதில் தள்ளிப்போடவே முடியாத ஒன்று எத்திக்ஸ் கமிட்டி, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் கல்லூரிக் குழு. பழைய கேஸ் ஷீட்டைப் பார்ப்பதற்கும், நோயாளியிடம் கேட்டுக் குறிப்பதற்கும் அனுமதி வேண்டும். பெயர் இல்லாத பழைய பதிவுதானே, விலக்கு உண்டு என்று சீனியர் யாராவது சொல்வார்கள். விலக்கு இருக்கலாம், ஆனால் அதைக் கொடுப்பது கமிட்டி, நாமே எடுத்துக்கொள்வதல்ல. கமிட்டி நினைத்த நாளில் கூடாது. உங்களுக்கு மூன்று மாதம் இருப்பது இதற்காகத்தான். இந்த வாரமே கமிட்டி செயலரிடம் அடுத்த கூட்டம் எப்போது என்று கேளுங்கள். உங்கள் குறிப்பேட்டில் நோயாளியின் பெயர், ஊர், ஐபி எண் எதுவும் இருக்கக் கூடாது. போனில் படம் எடுக்காதீர்கள், கடித்த காலை மட்டும் என்றாலும். பிடித்துக் கொண்டுவரும் பாம்பின் பக்கம் போகாதீர்கள். செத்ததாக நினைத்த பாம்பும் கடிக்கும்.

பிஜி படிப்பு. இரவு டியூட்டி இல்லாத நாட்களில் இரண்டு மணி நேரம் படியுங்கள், போதும். முப்பது நாள் ஹாஸ்டலில் அடைந்து கிடந்து ரேங்க் மாறியவரை நான் பார்த்ததில்லை.

இதைப் படிக்கும் மற்ற மாணவர்களுக்கு இரண்டு வரி. உங்கள் கேள்வி வேறாக இருக்கும், முறை இதுதான். காசநோயில் இறப்பு ஏன் என்று கேட்கிறவர், தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நிற்க முடிகிறதா, கால் வீக்கம் உண்டா, உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, மூச்சும் ஆக்சிஜனும் எப்படி என்று ஐந்தே விஷயம் பார்த்து யாரை உடனே சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்வதை, ஒரு பிஹெச்சியில் உட்கார்ந்து கவனிக்கலாம். மலைப்பகுதி மக்களின் மருத்துவம் தெரிய வேண்டுமென்றால் தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியும் நீலகிரியில் கூடலூரும் இருக்கின்றன. 1990-களின் தொடக்கத்திலிருந்து அங்கே பழங்குடி மக்களோடு சேர்ந்து மருத்துவமனை நடத்துகிறார்கள். வலி தணிப்பு மருத்துவம் என்றால் கோழிக்கோடு, 1993-இல் அங்கே தொடங்கிய முயற்சியிலிருந்துதான் கேரளம் முழுக்கப் பரவியது. வெளியே போவதாக இருந்தால் அங்கே எழுதிக் கேட்டு, உங்கள் கல்லூரி அனுமதியையும் கையில் வாங்கிக்கொண்டு போங்கள்.

லாக்புக். "இன்று 3 நோயாளிகளைப் பார்த்தேன்" என்ற வரிக்கு யாரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நீங்கள் தினமும் இரவு மூன்று வரி எழுதுங்கள்: என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது, நாளை எதை வேறு மாதிரி பார்ப்பேன். நான் மதிப்பீட்டுக்கு உட்கார்ந்தபோது ஒரு மாணவரின் லாக்புக்கில், "மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஒருவருக்கு நாற்பது நொடி கிடைக்கிறது. இன்சுலின் எப்படிப் போடுவது என்று நான் சொல்லிக்காட்ட நான்கு நிமிடம் ஆனது" என்று ஒரு வரி இருந்தது. அவருடைய எலெக்டிவ் முழுவதும் அந்த ஒரு வரியில் இருந்தது. பிறகு அவரிடம் நான் கேட்க வேண்டிய கேள்வி எதுவும் மிஞ்சவில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அந்த அம்மாவைத் தேடிப்போய்ப் பதில் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். உங்கள் கடிதத்தில் அது தெரிகிறது. இப்போது போகாதீர்கள். உங்களிடம் இன்னும் பதில் இல்லை, அவருடைய கணவரின் நேரக்கோடும் உங்களிடம் இல்லை. அரைகுறையாகச் சொன்னால், தாமதமானது தன் தப்பு என்று அவர் வாழ்நாள் முழுக்கச் சுமப்பார். எலெக்டிவ் முடிந்த பிறகும் போக வேண்டும் என்று தோன்றினால், யூனிட் சீஃபிடம் சொல்லுங்கள். அந்த ஊருக்குப் போகிற கிராம சுகாதார செவிலியரோடு, கையில் தாளோ பேனாவோ இல்லாமல் போய்வாருங்கள்.

அந்த ஒரு பக்கத்தை எழுதியதும், கமிட்டியில் கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். திருத்தி ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்புகிறேன்.